சார்ட்டா, ஊசியா, நாற்காலியா? சிறிய கிளினிக்கில் எடைக்குறைப்புக்கு எந்த வழி

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா எங்கள் கிளினிக்கில் முக்கால் மணி நேரம் நின்றபடியே காத்திருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. சீக்கிரம் போக வேண்டும் போல, அதனால்தான் நிற்கிறார் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். உள்ளே வந்ததும் முழங்கால் வலி என்றார். "வலியோட ஏம்மா நின்னீங்க, உட்கார வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "அந்தச் சேர்ல உட்கார்ந்தா எழுந்துக்கும்போது சேரும் கூடவே வருதுங்க டாக்டர்" என்று சிரித்தார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், பன்னிரண்டும் ஒரே அளவு. எட்டு வருடமாகத் தினமும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். ஒரு நாளும் இது தோன்றியதில்லை.

எடைக்கென்று தனியாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். எதைத் தொடங்குவது என்பதுதான் மூன்று மாதம் இழுத்தது. டயட்டீஷியன் குழு வகுப்பு என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் ஊசி என்றார். கணக்கு எழுதும் என் மனைவி, "சார்ட் அடிச்சுக் கொடுங்க, செலவில்லாத வேலை" என்றார். எங்களிடம் இருப்பது வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு கன்சல்டிங் அறை, இரண்டு சிஸ்டர்கள், வாரம் இரண்டு நாள் வரும் டயட்டீஷியன். மாலை நான்கு மணி நேரத்தில் 60 டோக்கன். ஆளுக்கு நான்கு நிமிடம்.

குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்க என்னைப் போலச் சிறிதாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்கள், டயட்டீஷியன்கள், பிசியோதெரபிஸ்ட்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டதால் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

எடை மிஷின் சொல்லாதது

வழிகளுக்குப் போகும் முன் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்குப் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்பது 2009 முதல் இந்தியாவில் உள்ள அளவுகோல். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்குச் சற்று மேலும், ஆண்களில் 37 சதவீதமும் பிஎம்ஐ 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். காத்திருப்போர் வரிசையைப் பார்த்தாலே இந்தக் கணக்கு தெரியும்.

ஆனால் பிஎம்ஐயை மட்டும் நம்பி இறங்கினால் மோசம் போவோம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு மட்டும் ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2. கொழுப்பு அதிகம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம் வழக்கம். இதற்கு நம் ஊரே சாட்சி. 1969க்கும் 1973க்கும் இடையில் வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு இங்கே நடந்திருக்கிறது. சிறு வயதில் மெலிவாக இருந்து, பிறகு வேகமாக எடை ஏறுவதும் சர்க்கரைக் கோளாறும் சேர்ந்து போவதை அதுபோன்ற ஆய்வுகள்தான் நமக்குக் காட்டின.

அதனால் டேப் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். சொல்வது சுலபம். புடவைக் கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் கொசுவத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருப்போம். திரைக்குப் பின்னால் சிஸ்டர் அளக்கட்டும், எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதட்டும். எங்கள் எடை மிஷின் முன்பு வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. "எண்பத்தாறு!" என்று சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்வார், அறையே திரும்பிப் பார்க்கும். அதை உள்ளே மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சார்ட்

மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அச்சடித்த டயட் சார்ட்டுக்கு ஒரு ரூபாய்தான் செலவு, நேரமும் வேண்டாம். வாங்கிப் போகிறவருக்கும் டாக்டர் ஏதோ கொடுத்தார் என்ற திருப்தி. என்னிடம் 1200 கலோரி சார்ட் ஒன்று பல வருடமாக இருந்தது. காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மதியம் பழுப்பரிசிச் சோறு ஒரு கப், ராத்திரி எண்ணெய் இல்லாத சப்பாத்தி இரண்டு. கே.வி.குப்பம் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி அதை நாலாக மடித்து, அடுத்த முறை என்னிடமே மாத்திரை சுற்றிய காகிதமாகக் கொண்டுவந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சார்ட்டில் அவர் வீட்டுப் பொருள் ஒன்றுகூட இல்லை.

சார்ட்டின் கோளாறு ஓட்ஸ் மட்டும்தான் என்று நினைத்து, கேழ்வரகு, கம்பு, இலவம்பாடி முள்கத்தரிக்காய் எல்லாம் போட்டு உள்ளூர்ச் சார்ட் ஒன்றும் தயாரித்தோம். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் புதிய தலைவலி ஒன்று வந்தது. "களிதானே டாக்டர், அது சுகர் ஏத்தாதுல்ல?" என்று கேட்டு, இரண்டு பெரிய உருண்டை சாப்பிடத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 350. கேழ்வரகில் கால்சியமும் நாரும் அதிகம் என்பது வேறு விஷயம். உருண்டையின் அளவைப் பேசாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை அசையாது.

ஒரே சார்ட் எல்லோருக்கும் ஏன் ஒத்துவராது என்பதற்கு 2018இல் வெளியான டயட்ஃபிட்ஸ் ஆய்வைச் சொல்லலாம். 609 பேரைக் கொழுப்பு குறைத்த உணவு, மாவுச்சத்து குறைத்த உணவு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சராசரிக் குறைவு ஒரு பக்கம் 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. அதாவது வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 30 கிலோ வரை இறங்கியவரும் இருந்தார், 10 கிலோ ஏறியவரும் இருந்தார். எந்த டயட் என்பதைவிட எந்த ஆள் என்பதில்தான் அவ்வளவு பெரிய வித்தியாசம். எவருக்கு எது பலிக்கும் என்று மரபணுவை வைத்துச் சொல்ல முயன்றதும் பலிக்கவில்லை.

குழு

டயட்டீஷியன் சொன்ன குழு வகுப்பு எனக்கு முதலில் பிடித்திருந்தது. பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம், 15 பேர். காலையில் கோட்டை மைதானத்தில் நடப்பவர்களைப் பார்த்தால் துணையின் பலம் தெரியும். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போன் செய்கிறார். நன்கு நடத்தப்பட்ட வாழ்க்கைமுறைத் திட்டங்களின் பலன் சின்ன விஷயம் இல்லை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக்குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கு சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்.

அதைவிட நாம் பார்க்க வேண்டியது 2006இல் சென்னையிலிருந்து வந்த இந்திய ஆய்வு. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் வரை கவனித்தார்கள். உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களுக்கு ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை மட்டும் பெரிதாகக் குறையவே இல்லை! எடை மிஷினை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் திட்டம் தோல்வி என்று எழுதியிருப்போம்.

இத்தனை நல்லது இருந்தும் எங்கள் ஆட்களைக் கூட்டிப் பார்த்தபோது குழு பாதிப்பேருக்குத்தான் பொருந்தியது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள், மாமியார்–மருமகள் ஜோடி, கடை வைத்திருப்பவர்கள் ஒழுங்காக வந்தார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிப் பெண்கள் இரண்டாவது வாரத்தோடு நின்றார்கள். கம்பெனி பஸ் வந்து இறங்கவே ஆறரை ஆகிறது. இன்னொன்று: வாராவாரம் யார் அதிகம் குறைத்தார்கள் என்று கைதட்டும் பழக்கத்தை யாரோ ஆரம்பித்துவைத்தார்கள். மூன்று வாரம் கைதட்டல் வாங்காதவர் நாலாவது வாரம் வருவதில்லை. குழு வைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், அந்தக் கைதட்டலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேலியோவும் ஷேக்கும்

சோற்றை விட்டு இறைச்சி, முட்டை என்று மாறும் பேலியோ, சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கும் பவுடர் ஷேக் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை நாம் கொடுப்பதைவிட அவர்களே செய்துகொண்டு வருவதுதான் அதிகம். கடுமையான கலோரிக் குறைப்பு வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் மூன்று முதல் ஐந்து மாதம், ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்து, ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மாத்திரை இல்லாமலேயே அளவு சரியாக இருந்தது. ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை, பிபி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்காணித்தார்கள். இங்கே நடப்பது என்ன? சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டே சோற்றை நிறுத்திவிட்டு, பத்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் வேர்த்துக் கொட்டி விழுகிறார்கள். யாராவது "சோறு விட்டுட்டேன் டாக்டர்" என்றால் பாராட்டும் முன் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும். டப்பாப் பவுடர் விற்பனையில் கிளினிக் கை வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். விற்பவர் வேறு, வைத்தியம் பார்ப்பவர் வேறு என்று இருந்தால்தான் நம் பேச்சுக்கு மதிப்பு.

ஊசி

பசியைக் குறைத்து எடையை இறக்கும் டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைட் ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அதற்குப் பிறகு கன்சல்டிங் அறையில் பேச்சே மாறிவிட்டது. இப்போது கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வந்து, "அந்த ஊசி போடுங்க" என்கிறார்கள்.

பலனைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. 68 வாரத்தில் செமாகுளூடைட் சராசரியாக 14.9 சதவீதம் எடையைக் குறைத்தது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. டிர்செபடைட்டின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் 20.9 சதவீதம் வரை போனது. 90 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 19 கிலோ! நான் படித்த காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மட்டுமே சொன்ன எண்கள் இவை. "வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் ஊசி" என்று சக டாக்டர்கள் சிலர் இளக்காரமாகப் பேசும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிபிக்கு மாத்திரை கேட்பவரை நாம் அப்படிச் சொல்வதில்லையே.

சிக்கல் வேறு இடத்தில். ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை அதே செமாகுளூடைட் ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. எனவே இரண்டு மாதக் கல்யாண ஊசிக்கு அர்த்தமே இல்லை. அறிமுகமானபோது டிர்செபடைட் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500. விலையைச் சொன்னதும் ஷூ கம்பெனி அக்கா ஒருவர், "என் சம்பளமே அவ்ளோ இல்லீங்க" என்றார். செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டுக் கம்பெனிகளின் ஊசிக்கு வழி இருப்பதால் விலைக் கணக்கு மாறும், மற்ற கணக்குகள் மாறாது.

அந்த மற்ற கணக்குகளில் நம் ஊருக்கு முக்கியமானது புரதம். எடை இறங்கும்போது ஒரு பங்கு தசையும் சேர்ந்தே இறங்கும். சோறு, ரசம், பொரியல் என்று சாப்பிடும் ஒருவருக்குப் பசி குறைந்ததும் எதை விடுவார்? சோற்றையா? இல்லை. தட்டில் ஏற்கெனவே கொஞ்சமாக இருந்த பருப்பும் முட்டையும்தான் முதலில் போகும். இரண்டு மாதத்தில் எடை இறங்கியிருக்கும், தரையிலிருந்து எழும்போது கையூன்றுவார். அதனால் ஊசி எழுதும் அன்றே முட்டை, சுண்டல், மீன், தயிர் எவ்வளவு என்று பேசியாக வேண்டும், உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சொல்லித்தர வேண்டும். குமட்டல், மலச்சிக்கல் சகஜம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிது, ஆனால் கடும் வயிற்றுவலி என்றால் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்குச் செமாகுளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. நோன்பு வைக்கும் குடும்பங்கள் நம் பக்கம் அதிகம் என்பதால் ரம்ஜானை ஒட்டிப் புதிதாக ஊசி தொடங்குவதை நான் தவிர்க்கிறேன். குமட்டலும் தண்ணீர் குடிக்காத பகலும் சேர்ந்தால் தாங்காது.

அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு பத்தி போதும். நாம் செய்யப் போவதில்லை, ஆனால் அனுப்பத் தயங்கக் கூடாது. 2022இன் சர்வதேச வழிகாட்டல்படி ஆசிய மக்களுக்குப் பிஎம்ஐ 27.5 தாண்டினாலே அதைப் பற்றிப் பேசலாம். நாம் 40 வரட்டும் என்று காத்திருந்து, முழங்காலும் சிறுநீரகமும் போன பிறகு அனுப்புகிறோம். திரும்பி வந்தவர்களுக்கு பி12, இரும்பு, வைட்டமின் டி வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டியது நம் வேலை.

நாற்காலி

மிச்சமிருப்பது எதிரே உட்காரவைத்து அரை மணி நேரம் பேசும் வழி. இதுதான் அதிக நேரம் தின்னும், வருமானமும் குறைவு. நான் கடைசியில் சாய்ந்தது இந்தப் பக்கம்தான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

அந்த அரை மணி நேரத்தில் உணவைப் பற்றி முதலில் கேட்பதில்லை. எடை எப்போது ஏறத் தொடங்கியது என்று கேட்கிறேன். பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்", "வீட்டுக்காரர் தவறினப்புறம்", "நைட் டூட்டி போட்டதிலிருந்து". ஓர் இளம்பெண்ணின் அம்மா, "அந்த மாத்திரை ஆரம்பிச்ச ஆறு மாசத்துல பதினாலு கிலோ" என்றார். மனநோய்க்கான ஓலன்சபின். அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை சார்ட் கொடுத்தும் பயனில்லை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்லி, மனநல மருத்துவருக்குப் போன் செய்து வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டதுதான் அங்கே எடைக்கான வைத்தியம். ஸ்டீராய்டு, வால்ப்ரோயேட், அமிட்ரிப்டிலின், பயோகிளிட்டசோன், இன்சுலின் என்று எடை ஏற்றும் மருந்துகளில் பாதியை எழுதுவது நாம்தான். முகம் உருண்டு, கை கால் மெலிந்து வருபவரிடம் ஸ்டீராய்டு கலந்த மூட்டுவலிப் பொடி எங்கிருந்தாவது வாங்குகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து தூக்கம். காட்பாடியிலிருந்து ராத்திரியில் வண்டி ஓட்டும் ஒருவர் 104 கிலோவில் வந்தார். குறட்டை எப்படி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, மனைவிதான் சொன்னார்: "நடுவுல மூச்சு நின்னுடுது டாக்டர், நான் தட்டி எழுப்புவேன்." சிக்னலில் கண் அசந்ததை அவர் பிறகு ஒப்புக்கொண்டார். அவருக்கு முதல் வேலை தூக்கப் பரிசோதனை. நடைப்பயிற்சியைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. ஊசிக்கோ அறுவை சிகிச்சைக்கோ முன்வரிசையில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

அப்புறம்தான் சாப்பாடு, அதையும் நாளின் கடிகாரத்தை வைத்து. மேலே சொன்ன ஷூ கம்பெனி அக்காவின் நாள் இப்படி. நாலரைக்கு எழுந்து சமையல், ஏழு மணிக்குப் பஸ். காலைச் சாப்பாடு கிடையாது. பத்து மணி இடைவேளையில் டீயும் பன்னும். பன்னிரண்டரைக்கு டப்பாச் சோறு, குழம்பு. ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. ஆறரைக்கு வீடு, அகோரப் பசி, அடுப்பைப் பற்றவைத்தபடியே மிக்சர் கைக்கு வரும். ஒன்பதரைக்கு எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் இவர். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது இவர் கணக்கில் சேரும். "நான் சாப்பிடறதே கம்மிங்க" என்று அவர் சொன்னது பொய் இல்லை. தன் தட்டில் போட்டது கம்மிதான். நம் ஊரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்களிடம் போய் "வாயைக் கட்டுங்க" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவரோடு முடிவானது இரண்டே விஷயம். காலை பஸ்ஸில் சாப்பிட வேகவைத்த முட்டை இரண்டு. ஆறரைக்கு மிக்சருக்குப் பதில் காலையிலேயே ஊறப்போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல். எண்ணெயைப் பற்றி அடுத்த முறை பேசினோம். வீட்டில் நாலு பேர், மாதம் ஐந்து லிட்டர் டின். ஆளுக்கு ஒன்றேகால் லிட்டர், அதாவது ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 40 மில்லி, 340 கலோரி. "எண்ணெயைக் குறைங்க" என்று பத்து முறை சொல்லியும் ஏறாதது, டின்னைத் தலைக்கு வகுத்தபோது ஏறியது. அடுத்த மாதம் மூன்றரை லிட்டர் வாங்கினார். கரண்டியில் ஊற்றாமல் ஸ்பூனில் ஊற்றியது மாமியாருக்குப் பிடிக்கவில்லையாம். அந்தச் சண்டையையும் கேட்டுக்கொண்டேன், அதுவும் வைத்தியத்தில் சேர்த்தி.

இந்த வழிக்கும் பள்ளங்கள் உண்டு. நான் விழுந்த ஒன்றைச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் தறி நெய்யும் ஒருவர், சர்க்கரை நோயாளி, மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்து வந்தார். "சூப்பர்! எப்படிப் பண்ணீங்க?" என்று கைகொடுத்தேன். "நீங்க சொன்ன மாதிரி நடக்கிறேன் சார்" என்றார், சந்தோஷமாக. இருமல் உண்டா, ராத்திரி வேர்க்கிறதா என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து இருமலோடு வந்தபோது சளியில் காசநோய்க் கிருமி இருந்தது, மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 12ஐத் தாண்டியிருந்தது. அந்த ஆறு கிலோ அவர் நடந்து குறைத்தது இல்லை. இப்போது எடை இறங்கி யார் வந்தாலும் முதலில் எப்படி இறங்கியது என்று கேட்கிறேன். கைகொடுப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பள்ளம், தனிநபர் வழி என்ற பெயரில் ஆளுக்கொரு திட்டம் போட்டுவிட்டு எதையும் அளக்காமல் விடுவது. அதற்கு எட்மண்டன் நிலைப் பகுப்பு எங்களுக்குக் கைகொடுத்தது. எடை எவ்வளவு என்று பார்க்காமல், எடையால் உடம்பும் மனமும் அன்றாட வேலையும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று 0 முதல் 4 வரை பிரிப்பது அது. 2025 ஜனவரியில் வந்த இந்திய நிபுணர்களின் புதிய வரையறையும், லான்செட் குழுவின் வரையறையும் இதே திசையில்தான் போகின்றன: பாதிப்பு இல்லாத நிலை, பாதிப்பு உள்ள நிலை என்று இரண்டு. பிஎம்ஐ 31 இருந்தும் எல்லாம் சரியாக இருக்கும் 28 வயதுக்காரரைவிட, பிஎம்ஐ 26இல் கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரையும் குறட்டையும் உள்ள 45 வயதுக்காரருக்குத்தான் அந்த அரை மணி நேரம் முதலில் போக வேண்டும்.

கடைசியில் செய்தது

எல்லா டோக்கனுக்கும் அரை மணி நேரம் கொடுக்க முடியாது, அது நடக்கிற காரியம் இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை எடைக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். புதியவர் ஆறு பேர். நிலை 2, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு அந்த நேரம். நிலை 0, 1 ஆட்களுக்குச் சிஸ்டர் நாலு கேள்வி கேட்கிறார்: எடை எப்போதிலிருந்து, என்ன மருந்து, தூக்கம் எப்படி, வீட்டில் எண்ணெய் எவ்வளவு. பிறகு அவர்களுக்குக் குழு, டயட்டீஷியன் இருக்கும் செவ்வாய் மாலை. வர முடியாதவர்களுக்குத்தான் சார்ட், அதுவும் வெற்றுக் கட்டங்களோடு. நேரம் மட்டும் அச்சாகியிருக்கும், என்ன சாப்பிடுவது என்பதை அவரே சொல்ல நாங்கள் எழுதுகிறோம். ஊசி யாருக்கு என்பதை முதல் சந்திப்பில் முடிவு செய்வதில்லை, குறட்டை டிரைவர் போன்றவர்கள் தவிர. ஒரு வருடமாவது தொடர முடியுமா, பணம் யார் தருவது என்று வீட்டாரோடு பேசிய பிறகுதான் எழுதுகிறேன்.

இலக்கை ஐந்து முதல் பத்து சதவீதம் என்று நாங்கள் வைத்தாலும், அவர்கள் இலக்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். ஒருவர், "ஜலகண்டேஸ்வரர் கோயில்ல தரையில உட்கார்ந்து எழுந்துக்கணும்" என்றார். இன்னொருவருக்கு மகள் வளைகாப்பில் பழைய பட்டு ரவிக்கை ஏற வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு கிலோதான் இறங்கியிருந்தாலும், கோயிலில் உட்கார்ந்து எழுந்தால் அவரிடம் தோற்றுவிட்டோம் என்று நான் எழுத மாட்டேன்.

பணக் கணக்கு: சனிக்கிழமைக்குத் தனிக் கட்டணம் 400 ரூபாய் வைத்தோம். மாலை டோக்கன் வருமானத்தோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான். மறுமுறை வருவதை சிஸ்டர் போனில் பத்து நிமிடம் பேசிச் சமாளிப்பதால் தாக்குப்பிடிக்கிறது. மனைவி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. டயட்டீஷியன் மூன்றாவது நாளும் வர ஒத்துக்கொண்டால் குழுவை இரண்டாக்கி, ஒன்றை ஞாயிறு காலையில் கம்பெனிப் பெண்களுக்காக வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

வாங்கிய சாமான்களில் விலை குறைந்தது பெரிய கைக்கான பிபி கஃப். அடுத்து 200 கிலோ வரை காட்டும் மிஷின். அதற்கு முன்பே, ஆடி முடிவதற்குள், கை இல்லாத மரப் பெஞ்சு இரண்டு ஆசாரியிடம் சொல்லிச் செய்து போட்டோம். முழங்கால் வலி அம்மா அதில் உட்கார்ந்துதான் இப்போது காத்திருக்கிறார். போன முறை பக்கத்தில் இருந்தவரிடம் தன் டோக்கனுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே, சிஸ்டர் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் கதை பேசிக்கொண்டிருந்தார்.